தூக்கத்தில் உதைக்கிறாரா? பக்கத்தில் படுத்திருப்பவரைக் கேளுங்கள்!

கனவில் போடும் சண்டை, நடுக்குவாதத்துக்கும் மறதி நோய்க்கும் பல ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாக இருக்கலாம்

யாரோ ஒருவன் அடிக்க வருகிறான். பக்கத்தில் ஓர் உருளைக்கிழங்கு மூட்டை கிடக்கிறது. அதை அப்படியே தூக்கி அவன் மேல் வீசுகிறார் ஆலன் ஆல்டா. கண்ணைத் திறந்தால் மூட்டையும் இல்லை, வந்தவனும் இல்லை. வீசியது தலையணை. வாங்கிக்கொண்டது பக்கத்தில் படுத்திருந்த மனைவி.

‘மேஷ்’ தொலைக்காட்சித் தொடரில் போர்க்கள மருத்துவராக நடித்து, அமெரிக்காவின் வீடுதோறும் அறிமுகமான முகம் ஆல்டா. வேறொருவராக இருந்தால், ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆல்டாவுக்கு உறுத்தியது. கனவில் செய்வதை உடம்பும் சேர்ந்து செய்தால், அது பார்க்கின்சன் நோயின், அதாவது நடுக்குவாதத்தின், முந்தைய அடையாளமாக இருக்கலாம் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ கட்டுரை ஒன்றில் படித்திருந்தார். நரம்பியல் மருத்துவரிடம் போய், மூளையை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றார். அறிகுறி ஒன்றுமே இல்லையே, எதற்கு ஸ்கேன் என்று மருத்துவருக்கே சந்தேகம். எடுத்துப் பார்த்தார்கள். பார்க்கின்சன்தான். கட்டைவிரல் லேசாகத் துடிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். 2015-ல் தெரிந்துகொண்ட இந்த விஷயத்தை 2018-ல் தொலைக்காட்சியில் அவரே சொன்னார்.

நம் வீடுகளில் இந்தக் காட்சி வேறு மாதிரி நடக்கும். விடியக்காலை மூன்று, நான்கு மணி இருக்கும். “டேய்... விடுறா!” என்று அப்பா அலறுவார். கை காற்றில் குத்தும். அம்மா பதறி எழுந்து உலுக்கினால், “ஒண்ணுமில்ல, நாய் தொரத்துச்சு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். மறுநாள் நெற்றியில் திருநீறு, கையில் மந்திரித்த கயிறு. நாலு முறை அடி வாங்கியபின் அம்மாவின் பாய் ஹாலுக்குப் போய்விடும். டாக்டரிடம் இதை யாரும் சொல்வதில்லை. டாக்டர்களும் பெரும்பாலும் கேட்பதில்லை.

இந்தக் கோளாறுக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: ‘ரெம் தூக்க நடத்தைக் கோளாறு’, சுருக்கமாக ஆர்.பி.டி. வெறும் கெட்ட கனவு என்று இதைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு இன்று போதுமான ஆதாரம் கையில் இருக்கிறது.

பூனைகள் முதலில் காட்டின

தூக்கம் என்பது ஒரே நீட்டாகப் போவதில்லை. ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை ‘ரெம்’ என்ற கட்டம் வந்து போகும். மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும். தெளிவான கனவுகள் அதிகம் வருவது அப்போதுதான். 1953-ல் சிகாகோவில் இதைக் கண்டறிந்தார்கள். இரவின் பின்பாதியில் இந்தக் கட்டம் நீளும். அப்பா விடியக்காலையில் கத்துவதற்குக் காரணம் இது.

கனவு காணும் மூளை சும்மா இருப்பதில்லை. ஓடு, அடி, குதி என்று கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் மூளைத்தண்டில் உள்ள சில நரம்பணுக் கூட்டங்கள், மெயின் சுவிட்சை அணைப்பதுபோல, கட்டளை கை கால்களுக்குப் போய்ச் சேராமல் தடுத்துவிடும். கண்ணும் மூச்சுத் தசையும் மட்டும்தான் விதிவிலக்கு. கனவில் சிங்கத்தை அடித்தாலும் உடம்பு மரக்கட்டையாகக் கிடப்பது அதனால்தான்.

பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே, 1960-களில் பூனைகளின் மூளைத்தண்டில் அந்த இடத்தை மட்டும் சிதைத்துப் பார்த்தார். பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து பதுங்கின, இல்லாத எலியின் மேல் பாய்ந்தன. மனிதருக்கும் இப்படி நடக்கும் என்று பதிவாக இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1986-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் என்ற இரு மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் அறுபது வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அவர்கள் பார்த்தவர்களில் ஒருவர், கனவில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, எதிராளியை இடிக்கப் பாய்ந்து, படுக்கையறை அலமாரியில் போய் மோதிக்கொண்டவர். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கட்டிலில் முடிந்துகொண்டு தூங்கியவர்களும் உண்டு.

அப்போது இதை ஒரு விசித்திரமான தூக்கக் கோளாறாகத்தான் பார்த்தார்கள். பிறகுதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. அதே மருத்துவர்கள், வேறு காரணம் தெரியாமல் இந்தக் கோளாறு வந்த 29 ஆண்களைத் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். 1996-ல் கணக்குப் பார்த்தபோது 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. 2013-ல் மீண்டும் பார்த்தபோது, பார்க்கின்சனும் மறதி நோயும் சேர்த்து, பாதிப்பு ஏறக்குறைய 81 சதவீதத்தைத் தொட்டிருந்தது.

ஒரே ஊர் நோயாளிகளை வைத்து முடிவுக்கு வரலாமா என்ற கேள்வி நியாயமானது. 2019-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. 24 மையங்கள், 1,280 நோயாளிகள். ஆண்டுக்கு நூற்றில் ஆறு பேருக்குச் சற்று மேல், பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றில் எழுபத்து மூன்று பேருக்கு மேல், மூளை நரம்பணு சிதையும் நோய்க்குள் போகிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். ஆய்வுக் காலத்திலேயே நோய் வந்தவர்கள் 352 பேர். அவர்களில் 199 பேருக்கு முதலில் உடல் இறுக்கமும் நடுக்கமும் சார்ந்த பார்க்கின்சன் வகை; 153 பேருக்கு முதலில் மறதி நோய். ஒரே ஒரு அறிகுறியை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் முன்கூட்டி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிற நோய்கள் மருத்துவத்தில் மிகக் குறைவு.

காரணம் என்ன? ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் தப்பாக மடங்கித் திரண்டுபோவதுதான் இந்த நோய்களின் பொது வேர். ஜெர்மனியின் ஹைகோ பிராக் குழு 2003-ல் சொன்ன விளக்கப்படி, பலருக்கு அந்தத் திரட்சி மூளைத்தண்டின் அடியிலும் வாசனை நரம்புப் பகுதியிலும் தொடங்கி மேலே ஏறுகிறது. கனவுத் தூக்கத்தின் தடுப்பு இருக்கும் இடம் போகிற வழியில் இருக்கிறது. அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமைன் அணுக்கள் அதற்கு மேலே. கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில் அந்த அணுக்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும்.

---

பெட்டிச் செய்தி: பயப்பட வேண்டாத உளறல்கள்

▪ தூக்கத்தில் பேசுகிறவர் எல்லோருக்கும் இந்தக் கோளாறு கிடையாது. பிள்ளைகள் எழுந்து நடப்பது ஆழ்ந்த தூக்கத்தில், இரவின் முன்பாதியில். எழுப்பினால் திருதிருவென்று விழிக்கும். கனவு ஞாபகம் இருக்காது.

▪ ஆர்.பி.டி. உள்ளவர் கண்ணை மூடியபடியே அடிப்பார், உதைப்பார்; கட்டிலை விட்டு நடந்து போவது அபூர்வம். எழுப்பினால் சட்டென்று தெளிந்து கனவைச் சொல்வார். பெரும்பாலும் யாரோ துரத்தும், தாக்கும் கனவு.

▪ கடும் குறட்டையும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் திணறி விழிக்கும்போது கை கால் வீசலாம். அவர்களுக்கு மூச்சுக் கோளாறைச் சரிசெய்தால் இதுவும் நின்றுவிடக்கூடும்.

▪ மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் இது வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

▪ அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கலாம்.

▪ தூக்கம் வராமல் புரள்வது வேறு சங்கதி. அதை இதனுடன் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

சாட்சி ஒருவர்தான்

இந்த நோயில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. நோயாளிக்கே தெரியாமல் இது ஆண்டுக்கணக்கில் இருக்கும். காலையில் எழுந்தால் அவருக்கு எல்லாம் சரி. முழங்கையில் சிராய்ப்பு எப்படி வந்தது என்று யோசிப்பார், அவ்வளவுதான். முழுக் கதையும் தெரிந்தவர் மனைவி ஒருவர்தான்.

அந்த மனைவி வாய் திறப்பதில்லை. பகலெல்லாம் சாதுவாக இருக்கும் மனிதர், ராத்திரியில் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், கழுத்தைப் பிடிக்கிறார் என்பதை எப்படி வெளியில் சொல்வது? கன்னம் கன்றிப்போனால், கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறார். உண்மையில் இந்தக் கோளாறு உள்ளவர்கள் பகலில் மற்றவர்களைவிட முரட்டுத்தனமானவர்கள் அல்ல என்று ஆய்வுகள் சொல்கின்றன. சண்டை கனவில்தான், மனிதரிடம் இல்லை. இது தெரியாமல், மனசுக்குள் இருக்கிற கோபம்தான் தூக்கத்தில் வெளியே வருகிறது என்று நினைத்துப் புழுங்குகிற பெண்கள் இருப்பார்கள். முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி இது.

தூக்க மையங்களுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். ஆனால் பொதுமக்களிடையே நடத்திய சில ஆய்வுகளில் ஆண், பெண் வித்தியாசம் அவ்வளவாக இல்லை. பெண்களுக்கு அசைவு மென்மையாக இருக்கலாம். துணையை இழந்து தனியாகத் தூங்கும் பாட்டிக்குப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் கட்டிலிலிருந்து விழுந்து அடிபடுவதில்லை. அதனாலேயே நம் ஊரில் பலரது கோளாறு கவனத்துக்கு வராமல் போகலாம்.

மருத்துவர்கள் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: ‘தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கை காலை வீசுகிறீர்கள், குத்துகிறீர்கள், ஓடுவதுபோல அசைகிறீர்கள் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, உங்களுக்கே சந்தேகம் உண்டா?’ 2012-ல் சோதித்த இந்த ஒற்றைக் கேள்வி, தூக்க மையங்களில் நோய் உறுதியானவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியாக அடையாளம் காட்டியது.

உறுதிசெய்ய ஓர் இரவு ஆய்வகத்தில் தூங்க வேண்டும். தலையில் பசை தடவி ஒயர்கள், கண்ணோரம் இரண்டு, தாடையின் கீழ் ஒட்டுப்பட்டை, மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் கிளிப், மேலே இருட்டிலும் பார்க்கும் கேமரா. விடிந்ததும் மருத்துவர் பார்ப்பது முக்கியமாகத் தாடைத் தசையின் கோட்டை. கனவுத் தூக்கத்தில் அது தட்டையாகப் படுத்துவிட வேண்டும். இந்த நோயாளிகளுக்கு அது படுப்பதில்லை. முள்முள்ளாக எழும்பிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் தூக்க ஆய்வகம் என்றாலே குறட்டைக்கு என்றாகிவிட்டது. பரிசோதனைக்குப் போகும்போது ‘கனவில் அடிக்கிறார்’ என்று தனியாகச் சொல்லுங்கள். சொன்னால்தான் கேமராவையும் தாடைக் கோட்டையும் அந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்.

பகலில் இறுக்கம், இரவில் வேகம்

பாரிஸில் 2007-ல் நடந்த ஓர் ஆய்வைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பார்க்கின்சனும் இந்தக் கோளாறும் சேர்ந்து உள்ளவர்களின் துணைவர்களிடம், இரவில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். பதில் சொன்ன 53 பேருமே, தூக்கத்தில் ஏதாவது ஒரு விதத்தில் அசைவோ பேச்சோ முகபாவமோ மேம்படுகிறது என்றார்கள். பகலில் சட்டைப் பொத்தானைப் போடத் திணறுகிறவர் இரவில் விறுவிறுவென்று கை வீசுகிறார். குரல் கம்மிப்போய் முணுமுணுக்கிறவர் கணீரென்று பேசுகிறார். நோய் எதைப் பறித்தது, எதை விட்டுவைத்திருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னும் ஒரு புதிர். மனைவிக்கு அது வேறு: பத்து வருஷத்துக்கு முந்தைய புருஷனின் குரலை இருட்டில் கேட்கிறார்.

தெரிந்து என்ன லாபம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நேர்மையான பதிலைச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கோளாறு நோயாக முற்றுவதைத் தடுத்து நிறுத்தும் என்று நிரூபணமான மருந்து இன்றைக்கு ஒன்றும் இல்லை. அப்படியானால் எதற்குச் சொல்லிப் பயமுறுத்த வேண்டும் என்று நினைக்கும் மருத்துவர்கள் உண்டு. மருத்துவ உலகில் இதுபற்றிப் பெரிய விவாதமே நடக்கிறது. எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், முதலில் ‘எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?’ என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். வேண்டாம் என்பவரிடம் சதவீதக் கணக்கைக் கொட்டக் கூடாது. மகன்கள் மட்டும் கூடிப் பேசி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவெடுக்கும் நம் வழக்கம் இங்கே எடுபடாது. உயில் எழுதுவதிலிருந்து வண்டி ஓட்டுவதுவரை தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான்.

தெரிந்துகொள்வதால் இன்றே கிடைக்கும் பலன் ஒன்று, தப்பான மருந்திலிருந்து தப்பிப்பது. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஆர்.பி.டி.க்குப் பின் வரும் மறதி நோய்களில், அந்தப் புரதத் திரட்சியின் பெயரைத் தாங்கிய லூயி உருண்டை மறதி நோய் என்று ஒரு வகை. ‘வாசல்ல ரெண்டு குழந்தைங்க நிக்குது, உள்ள கூப்பிடு’ என்பார் பெரியவர். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். நேற்று தெளிவு, இன்று குழப்பம் என்று மாறிமாறி இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவில் ரகளை செய்தால், அடக்குவதற்கு ஹாலோபெரிடால் ஊசி போடுவது பல இடங்களில் வழக்கம். இந்த வகை நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு அந்த மருந்து விஷமாகிவிடும். உடம்பு இறுகி, நினைவு மங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். ‘இவருக்குப் பத்து வருஷமா தூக்கத்துல கத்துற பழக்கம் உண்டு’ என்ற ஒரு வரி, டியூட்டி டாக்டரின் கையை நிறுத்தக்கூடும். இந்த மறதி நோய்க்காக 2017-ல் திருத்திய நோயறியும் விதிகளில் ஆர்.பி.டி. முக்கிய அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014-ல் இறந்தபோது கையில் இருந்த நோய்ப்பெயர் பார்க்கின்சன். பிரேதப் பரிசோதனையில்தான் லூயி உருண்டைகள் மூளை முழுக்கப் பரவியிருந்தது தெரிந்தது. மலச்சிக்கல், தூக்கக் கெடுதி, மங்கிய மோப்பம், இடது கையில் மெல்லிய நடுக்கம் எனச் சம்பந்தமில்லாதவைபோலத் தெரிந்த தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை அவர் மனைவி 2016-ல் ஒரு நரம்பியல் இதழில் எழுதினார். தனித்தனியாகப் பார்த்தால் அற்பமானவை.

தூக்கத்தில் உதைக்கிறவருக்கு ரசத்தில் பெருங்காய வாசம் தெரிவதில்லை, கூடவே நாள்பட்ட மலச்சிக்கல், எழுந்து நின்றால் தலைசுற்றல் என்றால், நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மோப்பக் குறைவும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் நோயாக மாறும் வேகம் கூடும் என்று அந்த 1,280 பேர் ஆய்வும் காட்டியது. சளி, கொரோனா என்று மோப்பம் போக வேறு காரணங்கள் நிறைய உண்டு. அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

அல்சைமர் நோயின் கதை வேறு. அங்கே புரதமும் வேறு, ஆர்.பி.டி. அதற்கான அடையாளமாக வருவதும் அபூர்வம். கனவுச் சண்டையை விட்டுவிட்டுத் தூக்கத்தின் அளவை மட்டும் பார்த்தால், ஐம்பது, அறுபது வயதில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் சற்று அதிகமாக வந்ததாக, ஏறக்குறைய எட்டாயிரம் பேரைத் தொடர்ந்த பிரிட்டன் ஆய்வு 2021-ல் சொன்னது. குறைந்த தூக்கம் காரணமா, விளைவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

தலைமாட்டில் கத்தி வேண்டாம்

மருந்தைப் பற்றிப் பேசும் முன் படுக்கையறையைப் பாருங்கள். கெட்ட கனவு வராமலிருக்கத் தலையணைக்கு அடியில் கத்தி, அரிவாள், இரும்புத்துண்டு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கனவில் சண்டை போடுகிறவரின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாத முதல் பொருள் அது. கண்ணாடி டம்ளர், சொம்பு, டார்ச், மேசை விளக்கு எல்லாம் தள்ளிப் போகட்டும். கூரான முனையுள்ள அலமாரியை நகர்த்துங்கள். கட்டிலைவிடத் தரையில் மெத்தை நல்லது. சுவரோரம் தலையணை அடுக்கலாம். அவர் அடங்கும்வரை மனைவி வேறு படுக்கையில் தூங்குவது பிணக்கு அல்ல, பாதுகாப்பு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் இரவில் தலையில் அடிபட்டால், வீக்கம் இல்லையென்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மூளைக்குள் கசிவு மெதுவாகத் தெரியவரும்.

மெலட்டோனின், குளோனாசிபாம் இரண்டும் இந்த இரவுச் சண்டையைக் குறைக்க மருத்துவர்கள் தருபவை. அடியில் ஓடும் நோயை இவை தொடுவதில்லை. குளோனாசிபாம் வயதானவர்களைத் தள்ளாட வைத்து விழச் செய்யலாம். குறட்டை மூச்சுத்திணறலை மோசமாக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்கும் மாத்திரை இல்லை இது.

உடற்பயிற்சிக்குப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் நல்ல பலன் இருக்கிறது. ஆல்டா குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போனார், டென்னிஸ் ஆடினார். நோயைத் தள்ளிப்போடும் மருந்துகளைத் தேடும் சோதனைகளுக்கு இந்தக் கோளாறு உள்ளவர்கள்தான் மிகவும் தேவைப்படுகிறவர்கள். தண்டுவட நீரில் தப்பாக மடங்கிய புரதத்தின் தடத்தைப் பிடிக்கும் சோதனை, 2021-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் இவர்களில் பத்தில் ஒன்பது பேரிடம் ‘உண்டு’ என்று காட்டியது. மருந்து என்று ஒன்று வந்தால், அது முதலில் இவர்களுக்குத்தான் போகும்.

---

பெட்டிச் செய்தி: பூனைக்காலியும் சென்னையும்

பார்க்கின்சனுக்கு இன்றும் முதன்மை மருந்தான லெவோடோபா, பூனைக்காலி விதையில் இயற்கையாகவே இருக்கிறது. 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். நடுக்குவாதத்துக்கு அது மருந்தாகும் என்று உலகுக்குத் தெரியவர அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நமக்குப் பெருமைதான். ஆனால் லெவோடோபா அறிகுறியைக் குறைக்குமே தவிர, நோய் வராமல் தடுப்பதில்லை. தூக்கத்தில் கத்துகிறார் என்று நாட்டுமருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடுப்பதில் பயன் இல்லை. வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி என்று தொல்லைதான் மிஞ்சும்.

---

அறுபது வயதானவருக்குப் பிள்ளைகள் வாங்கித் தரும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ரத்தம், சிறுநீர், ஈசிஜி, எக்கோ, வயிற்று ஸ்கேன் என்று எல்லாம் உண்டு. தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி அநேகமாக எந்தப் படிவத்திலும் கிடையாது. சேர்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. மருத்துவமனைகள் சேர்க்க வேண்டும். கேள்வியை நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது, கூட வந்திருக்கும் மனைவியையோ கணவரையோ உள்ளே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அடுத்தமுறை விடியக்காலையில் அந்தச் சத்தம் கேட்டால், செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டுபோய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.